அம்மம்மாவோடு ஏரிக்கரைக்குப் போவது: கேபின் பிடிக்கும் காலம் இதுதான்

வணக்கம் உறவுகளே. வெளியே பனி அள்ளி முடியவில்லை, அதற்குள் ஏரிக்குளியலைப் பற்றிப் பேச்சா என்று சிரிக்காதீர்கள். கனடாவின் ஒன்ராறியோவில் ஏரிக்கரைக் கேபின்கள், அதாவது வாடகைக்குக் கிடைக்கும் சிறு மர வீடுகள், பனிக்காலத்திலேயே விற்றுத் தீர்ந்துவிடும். மாகாணப் பூங்காக்களில் நீங்கள் போய் இறங்கும் நாளுக்கு ஐந்து மாதம் முன்னால், காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கிறது. ஆகஸ்ட் 14 போக வேண்டுமா, மார்ச் 14 காலையில் கணினி முன்னால் இருங்கள். தேநீரை ஊற்றிக்கொண்டு 7.10க்கு வந்தால் மிஞ்சுவது வேறு எவருக்கும் வேண்டாத இடம்தான்.

நம்மவர்கள் பலர் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. வெள்ளி முதல் ஞாயிறு வரை வேண்டும் என்று வெள்ளிக்குரிய காலையில்தான் தேடுகிறார்கள். கணக்கு வந்து இறங்கும் நாளைப் பொறுத்தது அல்லவா? புதன்கிழமை வந்து இறங்குகிறவர் இரண்டு நாள் முன்னதாகவே ஞாயிறு வரை சேர்த்துப் பிடித்துவிடுகிறார். அதனால் விடுமுறை எடுக்க முடிந்தால் புதனிலிருந்து பதியுங்கள். வேலையிடத்தில் இப்போதே சொல்லி வையுங்கள். கிடைக்கவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். யாராவது ரத்துசெய்தால் மின்னஞ்சல் அனுப்பும் வசதி பூங்காக்களின் முன்பதிவு இணையதளத்திலேயே இருக்கிறது. திட்டம் மாறுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

ஏன் கூடாரம் அடிக்காமல் கேபின் என்கிறேன்? கூடாரம் மலிவு, மறுக்கவில்லை. ஆனால் முழங்கால் வலியோடு அம்மம்மா தரையில் படுத்து எழும்புவாரா? "நீங்கள் போய்விட்டு வாருங்கள் பிள்ளைகள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றுதான் சொல்வார். கட்டிலும், மின்விளக்கும், வெப்பமூட்டியும் இருக்கின்றன என்றால் அவரும் பையைக் கட்டுவார். மூன்று தலைமுறை சேர்ந்து போவதற்கு நான் கண்ட ஒரே வழி இதுதான்.

அதற்காக விடுதி மாதிரி எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலான கேபின்களில் அடுக்குக் கட்டில், மேசை, நாற்காலி, அவ்வளவுதான். போர்வை, தலையணை, விரிப்பு எல்லாம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் வெளியே. ஆகவே பூங்காவின் வரைபடத்தைத் திறந்து, கேபினிலிருந்து கழிப்பறை எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். ஏரி எவ்வளவு தூரம் என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கு டோர்ச் பிடித்துக்கொண்டு யார் கூடப் போவது என்பதையும் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

எந்த ஏரி? சாண்ட்பேங்க்ஸ் பூங்காவின் மணல் அழகுதான், கூட்டமும் அதற்கேற்றபடி. எனக்குப் பிடித்தது பான்குரொஃப்ட் நகருக்குத் தெற்கே உள்ள சைலன்ட் லேக் பூங்கா. அங்கே மோட்டார் படகுகளுக்கு அனுமதி இல்லை. துடுப்புப் படகும் நீர்க்காகமும்தான். கேபின் குறைவு, யர்ட் அதிகம். யர்ட் என்பது மரத்தளத்தின் மேல் தடித்த துணியால் கட்டிய வட்ட வீடு. உள்ளே கட்டிலும் மின்சாரமும் உண்டு, அதனால் அம்மம்மாவுக்கு அதுவும் சரிவரும்.

இன்னொன்று பொன் எக்கோ பூங்கா. ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓட வேண்டும், ஆனால் மசினோ ஏரியைப் பார்த்ததும் அந்தக் களைப்பு போய்விடும். தண்ணீரிலிருந்து நேராக 100 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாறைச்சுவர் எழும்பி நிற்கிறது. அதன் அடிப்பகுதியில் பூர்வகுடி மக்கள் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள் 260க்கும் மேல் இருக்கின்றன. தண்ணீர்ப் பக்கமிருந்துதான் பார்க்க முடியும், கனோ வாடகைக்குக் கிடைக்கும். தொட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் படகில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். அதே பாறையில் 1919 இல் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனுக்காக ஓர் அடி உயர எழுத்துகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். பழைய ஓவியங்கள் இருக்கிற சுவரில் அது தேவைதானா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

சரி, சாப்பாடு. கேபினுக்குள் சமைக்கக் கூடாது. பெரும்பாலானவற்றில் வெளியே கேஸ் பார்பிக்யூ அடுப்பு வைத்திருப்பார்கள். ஆட்டுக்கறியையும் கோழிக்கறியையும் வீட்டிலேயே சமைத்து, தடித்த பைகளில் தட்டையாகப் பரப்பி உறைய வையுங்கள். குளிர்பெட்டியில் அவையே ஐஸ்கட்டியின் வேலையையும் செய்யும். முதல் நாள் மீன், இரண்டாம் நாள் கோழி, கடைசி நாள் பருப்பும் சம்பலும் என்று கெட்டுப்போகும் வரிசையில் போடுங்கள். ரொட்டியை அங்கேயே சுடலாம். ஐம்பது இடியப்பத் தட்டு ஏற்றாதீர்கள், பெரியம்மா, உங்களைத்தான் சொல்கிறேன்.

இரவில் ஒரு தட்டுகூட வெளியே இருக்கக் கூடாது. அது கருங்கரடி வாழும் காடு. நம் கறித்தூள் வாசம் பக்கத்து முகாமுக்கே போகும்போது கரடியின் மூக்குக்குப் போகாதா? உணவு, குப்பை, பற்பசை எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். கரடி வராவிட்டாலும் ரக்கூன் வரும், குளிர்பெட்டியைத் திறக்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. விறகையும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் அதோடு சேர்ந்து பயணம் செய்து காட்டையே அழிக்கின்றன. பூங்காவிலேயே வாங்குங்கள்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப் போகிறேன். மாகாணப் பூங்காக்களின் ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர்கள் கிடையாது. நம்மில் பெரியவர்கள் பலருக்கு நீச்சல் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் கூச்சம். காற்றடித்த மிதவைகளில் பிள்ளைகளை ஏற்றிவிடாதீர்கள். கரையிலிருந்து வீசும் காற்று கண்மூடித் திறப்பதற்குள் அவற்றை ஆழத்துக்குத் தள்ளிவிடும். உயிர்காப்பு மேலங்கிகளைப் பல பூங்காக்களில் இரவல் தருகிறார்கள். ஒருவர் முறை வைத்துத் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது.

மாதம்? மே கடைசியிலும் ஜூனிலும் கறுப்பு ஈ கடித்து எடுத்துவிடும், குழந்தைகளோடு போகாதீர்கள். ஓகஸ்ட் பின்பாதி மிக நல்லது. எப்போது போனாலும் மாலையில் பிள்ளைகளின் கால்களில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் கிழக்கு ஒன்ராறியோவில் இருக்கின்றன.

மூன்று குடும்பம் சேர்ந்து போவதாக இருந்தால், ஒரு கேபினுக்கு ஒருவர் என்று பிரித்து, மூன்று பேர் மூன்று கணினியில் ஒரே நேரத்தில் முயலுங்கள். எல்லாவற்றையும் ஒரு மச்சானின் தலையில் கட்டாதீர்கள். கேள்விகளைக் கீழே எழுதுங்கள், பதில் தருகிறேன். பொன் எக்கோவில் நான் எந்தக் கேபினுக்குக் குறிவைத்திருக்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்லமாட்டேன்.