பூவைப் பாத்து விலை பேசின ரயில்

எல்லாருக்கும் வணக்கம். ரேடியோ நிலையத்துலேர்ந்து கூப்பிட்டு, பிரிட்டன்ல தனியார்கிட்ட இருந்த ரயிலையெல்லாம் கவர்ன்மென்ட் திரும்ப எடுத்துக்குதாமே, அதைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்கன்னு கேட்டாங்க. நான் ரயில்வேக்காரன் இல்லைங்க. பீட்டர்பரோல வீடு, லண்டன்ல வேலை, 2006லேர்ந்து அதே தண்டவாளத்துல போய்ட்டு வந்துட்டிருக்கேன், அவ்வளவுதான் என் தகுதி. ஆனா அந்த ஒரே தண்டவாளத்துல உக்காந்தபடியே நாலு முதலாளிங்க வந்து போனதை பாத்துட்டேன், அஞ்சாவதுக்கு இப்ப டிக்கெட் வாங்கிட்டிருக்கேன், அதனால அந்த ஒரு லைன் கதையை மட்டும் சொல்றேன்.

ஈஸ்ட் கோஸ்ட் லைன்னு சொல்லுவாங்க. லண்டன் கிங்ஸ் கிராஸ்ல கிளம்பி பீட்டர்பரோ, யார்க், நியூகாசில்னு மேல போய் எடின்பரோ வரைக்கும், சுமார் 632 கிலோமீட்டர். நான் வந்த புதுசுல ரயில் கருநீலக் கலர், நடுவுல சிவப்புக் கோடு. அப்புறம் ஒருநாள் வெள்ளைப் பட்டை ஒட்டினாங்க. அப்புறம் சாம்பல். அப்புறம் பளிச்சுன்னு சிவப்பு. ஒவ்வொரு தடவையும் ஏறி உக்காந்தா உள்ள அதே பெட்டி, அதே கதவு, டிக்கெட் பாக்குறவரும் அதே ஆளுதான், கோட்டுல குத்தியிருக்கிற பேட்ஜ் மட்டும் வேற. ஒரு தடவை விளையாட்டா கேட்டேன், பழைய பேட்ஜையெல்லாம் என்னங்க பண்றீங்கன்னு. வீட்டுல ஒரு டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்னாரு.

இதுல கூத்து என்னன்னா அந்தப் பெட்டிங்களே கவர்ன்மென்ட் வாங்கினது. பிரிட்டிஷ் ரயில்னு ஒரே அரசு நிறுவனமா இருந்த காலத்துல, 80கள் கடைசியிலயும் 90கள் ஆரம்பத்துலயும் செஞ்சது. 1993ல சட்டம் போட்டு அதை துண்டு துண்டா பிரிச்சாங்க, தண்டவாளம் ஒருத்தருக்கு, பெட்டியும் எஞ்சினும் வாடகைக்கு விடுற மூணு கம்பெனிக்கு, ரயில் ஓட்டுற வேலை மட்டும் ஊருக்கு ஒரு குத்தகைக்காரருக்கு. அந்த மூணு வாடகைக் கம்பெனியில ஒண்ணை 1996 ஆரம்பத்துல 527 மில்லியன் பவுண்டுக்கு வித்தாங்க, அதே வருஷத்துலயே அது 825 மில்லியனுக்கு கைமாறிப்போச்சு. நம்ம ஊர்ல நிலத்தை அடிமாட்டு விலைக்கு வித்துட்டு பக்கத்துல ரிங் ரோடு வர்றதை பேப்பர்ல பாப்பாங்களே, அந்த மாதிரி. சரி அது தனிக்கதை, அதுக்குள்ள போனா வெளிய வர முடியாது.

குத்தகைன்னு ஏன் சொல்றேன்னா இங்கிலீஷ்ல பிரான்சைஸ்னு என்னமோ பெருசா சொல்றாங்க, ஆனா நடந்தது மாந்தோப்பு குத்தகைதான். மரம் பூ விட்டிருக்கும்போதே வியாபாரி வந்து பாப்பான், இந்த வருஷம் இவ்வளவு காய்க்கும்னு மனசுக்குள்ள கணக்கு போட்டு ஒரு விலை சொல்லுவான், யார் அதிகமா சொல்றாங்களோ அவங்களுக்குத்தான் தோப்பு. யார் அதிகமா சொல்லுவாங்க? பூவைப் பாத்து ரொம்ப ஆசைப்பட்டவன். ஏலத்துல ஜெயிக்கிறவன் கணக்குலதான் தப்பு அதிகமா இருக்க வாய்ப்பு, இது எங்க தாத்தாவுக்கே தெரியும். இந்த லைன்லயும் அதேதான், நல்ல வருமானம் வர்ற லைன், அதனால நான் ஓட்டி உங்களுக்கு இவ்வளவு தர்றேன்னு போட்டி போட்டுக்கிட்டு கவர்ன்மென்டுக்கு பணம் தர்றேன்னாங்க.

முதல்ல இருந்தது ஜிஎன்இஆர்னு ஒரு கம்பெனி, 1996லேர்ந்து. ஜனங்களுக்கு அவங்க மேல மரியாதை, சாப்பாட்டுப் பெட்டியில மேஜைத்துணி விரிச்சு பரிமாறுவாங்க. 2005ல குத்தகையை புதுப்பிக்கும்போது பத்து வருஷத்துல 1.3 பில்லியன் பவுண்ட் தர்றோம்னு ஒத்துக்கிட்டாங்க. பூ உதிர ஆரம்பிச்சது அந்த வருஷமே. ஜூலையில லண்டன்ல குண்டு வெடிச்சு ஆளுங்க வர்றது குறைஞ்சது, கரன்ட் செலவு ஏறுச்சு, அதுக்கு மேல தாய்க் கம்பெனி சீ கன்டெய்னர்ஸ் 2006ல அமெரிக்காவுல திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்கு போயிடுச்சு. அந்த டிசம்பர்லயே குத்தகை போச்சு, அடுத்த ஆள் வர்ற வரைக்கும் கூலிக்கு ஓட்டிட்டிருந்தாங்க.

சரி, இப்படி ஒருத்தர் விழுந்தப்புறம் அடுத்த ஏலத்துல விலை இறங்கியிருக்கணும்ல? ஏறுச்சு! நேஷனல் எக்ஸ்பிரஸ் 2007 டிசம்பர்ல வந்தாங்க, 2015 வரைக்கும் 1.4 பில்லியன். 2008ல உலகமே பொருளாதாரத்துல குப்புற விழுந்துச்சே, ஆபீஸ் செலவுல முதல் வகுப்புல போறவங்கதான் இந்த லைனுக்கு தெய்வம், அவங்க போறதை நிறுத்தினா மேஜைத்துணியை வச்சு என்ன பண்றது? கொஞ்சம் குறைச்சுக்கோங்கன்னு கேட்டுப் பாத்தாங்க, அப்ப போக்குவரத்து மந்திரியா இருந்த ஆண்ட்ரூ அடோனிஸ் முடியாதுன்னுட்டாரு. அவர் செஞ்சது சரின்னுதான் நான் நினைக்கிறேன், ஒருத்தருக்கு குறைச்சா அப்புறம் வரிசையில எல்லாரும் வந்து நிப்பாங்க. 2009 நவம்பர் 13 ராத்திரி லைன் கவர்ன்மென்ட் கைக்கு வந்துச்சு.

இங்கதான் விஷயம் இருக்கு, கொஞ்சம் கவனிங்க. 1.4 பில்லியன் தர்றேன்னு கையெழுத்து போட்டவங்க பாதியில போறப்ப இழந்தது சுமார் 72 மில்லியன்தான். ஏன்னா குத்தகை எழுதினது தாய்க் கம்பெனி பேர்ல கிடையாது, இதுக்குன்னே தொடங்கின ஒரு குட்டிக் கம்பெனி பேர்ல, குட்டி மூழ்கினா தாய் கரையிலயே நிக்கலாம். கட்ட வேண்டிய பணமும் முதல் வருஷங்கள்ல கம்மி, கடைசி வருஷங்கள்ல ஜாஸ்தி. நல்லா ஓடினா லாபம், ஓடலைன்னா பெரிய தவணை வர்றதுக்கு முன்னாடி சாவியை கொடுத்துட்டு கிளம்பலாம். ரிஸ்க்கை தனியார் தலையில வச்சுட்டோம்னு சொல்லித்தான் இதை ஆரம்பிச்சாங்க, ஆனா ரயிலை நிறுத்த முடியாதே! கம்பெனி போனாலும் மறுநாள் காலையில ஆறு மணி வண்டி கிளம்பியாகணும், அப்ப ரிஸ்க் யாருகிட்ட இருந்துச்சு? எப்பவுமே கவர்ன்மென்ட்கிட்டதான் இருந்துச்சு, பேப்பர்லதான் வேற பேர் எழுதியிருந்தாங்க.

கவர்ன்மென்ட் எடுத்ததும் ரயில் நின்னு போகும், சேவை கெட்டுப்போகும்னு பயமுறுத்தினாங்க. ஒண்ணும் ஆகலை. சாம்பல் கலர் அடிச்சுட்டு அஞ்சு வருஷத்துக்கு மேல ஓட்டினாங்க, மொத்தத்துல ஒரு பில்லியன் பவுண்டுக்கு மேல கஜானாவுக்கு கட்டினாங்க. பரவாயில்லையே, இப்படியே விடலாம்னு உங்களுக்கும் எனக்கும் தோணும். விடலை. 1993 சட்டத்துல 25வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, பிரிட்டன் அரசு நிறுவனம் குத்தகை எடுக்கவே கூடாதுன்னு. அதனால நல்லா ஓட்டிட்டிருந்தவங்களாலேயே அடுத்த ஏலத்துல கலந்துக்க முடியலை. ஆனா வெளிநாட்டு கவர்ன்மென்ட் கம்பெனி வரலாம்! ஜெர்மன் அரசோட டாய்ச்ச பான், டச்சு அரசோட கம்பெனி, பிரெஞ்சு, இத்தாலி எல்லாரும் வெவ்வேற லைன்ல வந்து குத்தகை எடுத்து ஓட்டினாங்க. அரசாங்கம் ரயில் ஓட்டலாம், அது நம்ம அரசாங்கமா மட்டும் இருக்கக்கூடாது. இதை ஒரு ஆங்கிலேய நண்பர்கிட்ட சொன்னேன், தலையில அடிச்சுக்கிட்டாரு.

2015 மார்ச் 1, தேர்தலுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஸ்டேஜ்கோச்சும் விர்ஜினும் சேர்ந்து எடுத்தாங்க. பேர் விர்ஜின், ஆனா பங்குல 90 சதவீதம் ஸ்டேஜ்கோச். 2023 வரைக்கும் எவ்வளவு தெரியுமா, 3.3 பில்லியன். இந்தத் தடவை உலகப் பொருளாதாரம் எல்லாம் விழலை, நினைச்ச அளவுக்கு ஆளுங்க வரலை, அவ்வளவுதான். மூணேகால் வருஷம்தான் தாங்குச்சு, 2018 ஜூன் 24 ஞாயித்துக்கிழமை திரும்பவும் கவர்ன்மென்ட். சுமார் 200 மில்லியன் அவங்களுக்கு நஷ்டம்னு மந்திரி கிறிஸ் கிரேலிங் சொன்னாரு, அதையும் நாம மறைக்கக்கூடாது, தனியாருங்க எல்லாம் கொள்ளையடிச்சுட்டு போனாங்கன்னு சொல்றது இந்த லைனுக்கு பொருந்தாது, பேராசைப்பட்டு கையைச் சுட்டுக்கிட்டாங்க. பேர் வைக்கும்போது பழைய எல்என்இஆர் பேரையே எடுத்து வச்சாங்க, 1938ல மாலர்ட்னு ஒரு நீராவி எஞ்சின் மணிக்கு 126 மைல் ஓடி உலக சாதனை பண்ணுச்சே, அந்தக் கம்பெனி பேர்.

தண்டவாளம் இன்னும் முன்னாடியே தனியார் கையை விட்டுப் போயிடுச்சு. அதுவும் இதே லைன்லதான், 2000 அக்டோபர் 17ல ஹாட்ஃபீல்டுல விரிசல் விட்டிருந்த தண்டவாளம் உடைஞ்சு லீட்ஸ் போற வண்டி கவுந்து நாலு பேர் செத்தாங்க. தண்டவாளத்துக்கு சொந்தக்காரங்க ரெயில்ட்ராக்னு ஒரு தனியார் கம்பெனி. இன்னும் எங்கெங்க விரிசல் இருக்கோன்னு நாடு பூரா வேகத்தை குறைச்சு ஓட்டினாங்க, அந்தக் கம்பெனி ஒரு வருஷத்துல முழுகிப்போச்சு. தண்டவாளத்தை பாத்துக்கற நெட்வொர்க் ரெயில்ங்கற நிறுவனம் அதுக்கப்புறம் வந்தது. இதைப் பத்தி பேச எனக்கு பிடிக்கலை, அந்த வளைவைத் தாண்டும்போது இன்னைக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

2020ல கொரோனா வந்து மிச்சமிருந்த குத்தகை எல்லாத்தையும் முடிச்சு வச்சுருச்சு. காலி ரயில், டிக்கெட் பணமும் கவர்ன்மென்டுக்கு, செலவும் கவர்ன்மென்டுக்கு, கம்பெனிக்கு ஓட்டுற கூலி மட்டும். அப்புறம் 2024 நவம்பர்ல புதுச் சட்டம், அந்தக் கூலி ஒப்பந்தம் முடிய முடிய ஒவ்வொரு கம்பெனியா எடுத்துக்கலாம்னு. பாதியில பிடுங்கினா நஷ்டஈடு கொடுக்கணும், முடியுற வரைக்கும் காத்திருந்தா கொடுக்க வேண்டாம், அதனால அவசரப்படலை. 2025 மே மாசம் சவுத் வெஸ்டர்ன், ஜூலையில சி2சி, அக்டோபர்ல கிரேட்டர் ஆங்கிலியான்னு மூணு ரயில் கம்பெனியை எடுத்தாங்க. இதுல சி2சி அதுவரைக்கும் இத்தாலி அரசு ரயில்வேகிட்ட இருந்தது, அதாவது ஒரு கவர்ன்மென்ட்கிட்டேர்ந்து இன்னொரு கவர்ன்மென்டுக்கு வந்ததுக்குப் பேர் இங்க தேசியமயம்.

இப்ப எல்லாம் சரியாயிடுச்சான்னு கேட்டீங்கன்னா, மான்செஸ்டர் பக்கம் இருக்கிற நம்மாளுங்க போன் பண்ணி திட்டுவாங்க. அங்க ஓடுற நார்தர்ன்ங்கற ரயில் கம்பெனி 2020 மார்ச்லயே கவர்ன்மென்ட் கைக்கு வந்தாச்சு, அதுக்கப்புறமும் ஞாயித்துக்கிழமைன்னா வண்டி ரத்து, ரத்து, ரத்து. ஏன்னா அங்க பல ஊழியர்களுக்கு ஞாயிறு வேலை நாள் கணக்குலயே கிடையாது, இஷ்டப்பட்டா வரலாம்னு பழைய ஒப்பந்தம். பேட்ஜை மாத்தினா அந்த ஒப்பந்தம் மாறிடுமா? பெட்டிக்கு வாடகை இன்னும் தனியாருக்குத்தான் போகுது. என் லைன்லயே லூமோன்னு ஒரு தனியார் வண்டி நீலக் கலர்ல எடின்பரோ போகுது, அது குத்தகை இல்லாம சொந்தப் பொறுப்புல ஓட்டுறது, அதை யாரும் தொடலை. ஓட்டுறவன் தன் பணத்தைப் போட்டு தன் ரிஸ்க்ல ஓட்டினா அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

அந்த சவுத் வெஸ்டர்ன் முதல் நாளை மட்டும் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். 2025 மே 25, ஞாயித்துக்கிழமை காலையில 5:36க்கு வோக்கிங்லேர்ந்து லண்டன் வாட்டர்லூவுக்கு வண்டி, புதுச் சட்டத்துல கவர்ன்மென்ட் எடுத்த முதல் கம்பெனி, பேப்பர்காரங்கல்லாம் கேமராவோட அந்த நேரத்துக்கே வந்துட்டாங்க. அன்னைக்குப் பாத்து லைன்ல பராமரிப்பு வேலை. சர்பிட்டன்ல எல்லாரையும் இறக்கி, மிச்ச தூரத்துக்கு பஸ்ல ஏத்தி அனுப்பினாங்க.

நேரம் ஆயிடுச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுறாங்க. வரேங்க, வணக்கம்.