பல்லாவரம்: இருந்தாலும் ஆயிரம் பொன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மழையிலும் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக் செட்டை இரண்டு முறை சரிசெய்த தம்பி, தாய்மார்களே, வணக்கம். பத்து நிமிடம் கொடுத்தார்கள். வணக்கத்திலேயே இரண்டு போய்விட்டது.

புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். கல், சொல், சந்தை, ஏரி என்று நான்கு வைத்திருக்கிறேன்.

கல் என்றால் 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் இங்கே கண்டெடுத்த கற்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்ததற்குக் கிடைத்த முதல் சான்று அதுதான். சொல் என்றால் இங்கே வாழ்ந்த மறைமலையடிகளின் தனித்தமிழ். அவர் ஊரில் நின்று ‘மைக் செட்’ என்று சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். அவரிடம் பிறகு வருகிறேன்.

பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடும். செடி, கருவாடு, ஓடாத கம்ப்யூட்டர், மூன்று கால் நாற்காலி எல்லாம் கிடைக்கும். ‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்பார்களே, அதைக் கண்ணால் பார்க்க அங்கேதான் போக வேண்டும். ஒருநாள் பழைய பாத்திரக் குவியலில் ஒரு எவர்சில்வர் தூக்கு கிடந்தது. திருப்பிப் பார்த்தால் கழுத்தில் புள்ளி புள்ளியாக எங்கள் அம்மா பேர்! வீட்டில் யாரோ பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். “இது எங்க வீட்டுத் தூக்குப்பா” என்றேன். கடைக்காரர் நிதானமாகச் சொன்னார்: “பேர் உங்களது சார், தூக்கு என்னது. நூத்தம்பது.” நூற்றிருபதுக்குப் பேசி முடித்தேன். வீட்டுக்கு வந்தால் மனைவி, “மூடி எங்கே?” என்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை மூடிக்காகப் போனேன். மூடி தனி விலையாம்!

சரி, ஏரிக்கு வருகிறேன். உண்மையில் அதற்காகத்தான் இந்த மேடைக்கே ஒப்புக்கொண்டேன். நம் பெரிய ஏரியை 200 அடி ரோடு இரண்டாகப் பிளந்தது. குப்பையும் சாக்கடையும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. நீர் நின்றால் நம் கிணறும் போரும் ஊறும், அது ஏரி உயிரோடு இருப்பதன் ஆயிரம் பொன். செத்த ஏரிக்கும் ஆயிரம் பொன் உண்டு. அது மனை போட்டு விற்பவருக்கு, நமக்கு இல்லை. மாமன்ற உறுப்பினர் அவர்கள் எதிரிலேயே கேட்கிறேன்: எஞ்சிய ஏரியை அளந்து எல்லைக்கல் நடுங்கள், சாக்கடையை நிறுத்துங்கள். எல்லைக்கல் இல்லாத கரை வருஷத்துக்கு ஒரு அடியாவது உள்ளே நகர்கிறது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடிகளாரை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம். போன தடவை வைத்த பேனா இந்நேரம் சந்தைக்குப் போயிருக்கும்.