முன்கூட்டியே போட்ட சாட்சிக் கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சேலத்தில் முப்பத்தோரு வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவன். கிரயம், தானம், அடமானம், பாகப்பிரிவினை, உயில் என்று எத்தனை எழுதியிருப்பேனோ, கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குப் பேசப்போவது வேறு விஷயம். கடவுளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றால், மனிதன் தன் விருப்பப்படி ஒன்றைச் செய்தான் என்று சொல்ல முடியுமா? வேறு விஷயம் என்றேன், ஆனால் எனக்கு இது என் தொழிலிலிருந்தே வந்த கேள்வி.

வீட்டில் பழைய உயில் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆரம்பத்திலேயே இப்படி ஒரு வரி இருக்கும்: ‘நான் நல்ல சுயநினைவோடும், யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இல்லாமல், மனப்பூர்வமாக எழுதி வைக்கும் உயில் சாசனம்.’ இதை எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். யாருடைய தூண்டுதலும் இல்லை என்கிறோம். எதிர்ச் சுவரில் சாமி படம் மாட்டியிருக்கிறது. அவருடைய தூண்டுதலும் இல்லையா?

சிக்கல் என்னவென்று ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையில் நீங்கள் காப்பி குடிப்பீர்களா, டீ குடிப்பீர்களா என்பது கடவுளுக்கு இன்றைக்கே தெரியும் என்று வையுங்கள். அவர் அறிவு தவறாது. காப்பி என்று அவர் அறிந்திருந்தால் நாளைக்கு நீங்கள் டீ குடிக்க முடியாது. குடித்தால் அவர் அறிந்தது பொய்யாகிவிடும். அப்படியென்றால் அடுப்படியில் நின்று எதைப் போடலாம் என்று யோசிக்கிறீர்களே, அந்த யோசனைக்கு என்ன பொருள்? சரி, காப்பியும் டீயும் போகட்டும். தம்பியின் பங்கை ஏமாற்றி எழுதி வாங்கியவனும் இதையே சொல்லலாம் அல்லவா? ‘நான் என்னங்க செய்யறது, என் தலையில அப்படி எழுதியிருக்கு.’ இதை என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னவர்கள் உண்டு. ஒருவர் இருவர் அல்ல. அதனால்தான் இந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1993, மார்கழி மாதம். ஏற்காட்டில் நாலு ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர் உயில் எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். முழங்கால் வலியால் அவரால் மலை இறங்க முடியாது. மூத்த மகன் வந்து விவரம் கொடுத்தார்: தோட்டம், வீடு எல்லாம் மகனுக்கு. மகளுக்குக் கல்யாணத்தின்போதே செய்தாகிவிட்டது. நான் சேலத்திலேயே எழுதி முடித்து, தாளைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சாட்சிக்கு என்று என்னோடு ஒருவர் வந்தார். இன்னொரு சாட்சி அங்கேயே பக்கத்து மளிகைக் கடைக்காரர்.

உயில் விஷயத்தில் சட்டம் கறாரானது. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதி வைப்பவர் கையெழுத்துப் போடுவதைச் சாட்சி கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘இது நான் போட்டதுதான்’ என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் சாட்சி போடலாம். வரிசை முக்கியம். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

என்னோடு வந்தவருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்ற கவலை. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவர் சாட்சி இடத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதிவிட்டார்.

“என்னங்க இது, அவர் இன்னும் போடலையே” என்றேன்.

“போடத்தானே போறாரு. தெரிஞ்சதுதானே” என்றார்.

பெரியவரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தோம். விரல் நுனியெல்லாம் காப்பிப் பழம் பறித்த கறை. பேனாவை வாங்கினார், தாளில் வைத்தார். வைத்த கை நகரவில்லை. வெளியே களத்தில் அவருடைய மகள், காய்ந்த காப்பியைப் பனி விழுமுன் குவித்துக்கொண்டிருந்தாள். பலகை சிமெண்டில் சரக், சரக் என்று இழுபடும் சத்தம் உள்ளே கேட்டது. குவித்ததும் சாக்கை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தாள். பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேனா முனை பட்ட இடத்தில் மசி ஊறிப் பரவியது. அப்புறம் பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

“தம்பி, இது வேண்டாம். பொம்பளப் புள்ளைக்கும் சரிபாதி எழுதிக் கொண்டுவா.”

மகன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் புதுத் தாளோடு போனேன்; இரண்டு சாட்சிகளும் பார்த்திருக்க அவர் கையெழுத்துப் போட்டார். முதல் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கீழே தேதியோடு சாட்சிக் கையெழுத்து. மேலே எழுதி வைப்பவர் இடத்தில் ஒரு மசிப்பொட்டு, அவ்வளவுதான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ‘போடத்தானே போறாரு, தெரிஞ்சதுதானே’ என்றாரே, அவருக்குத் தெரிந்திருந்ததா? இல்லை. அவர் ஊகித்தார், ஊகம் தப்பியது. கடவுளின் அறிவு ஊகம் இல்லை என்றுதான் பக்தர்கள் சொல்கிறோம். அப்படியானால் கடவுள் அங்கே சாட்சியாக முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தால் எந்தத் தாளில் போட்டிருப்பார்? இந்தத் தாளில் போட்டிருக்க மாட்டார். அடுத்த வாரம் நான் கொண்டுபோன தாளில் போட்டிருப்பார். ஏன்? பெரியவர் கையெழுத்துப் போட்டது அதில்தான்.

இதைத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் இடறுகிறார்கள். கடவுள் அறிந்திருந்ததால் பெரியவர் மனம் மாறினார் என்பது இல்லை. பெரியவர் மனம் மாறினார், அதனால் கடவுள் அறிந்தது அது. தேதியில் அறிவு முந்தியிருக்கலாம். ஆனால் செயலைப் பார்த்துத்தான் அறிவு, அறிவைப் பார்த்துச் செயல் இல்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் இதைச் சொல்லியிருக்கிறார்: முன்னறிவித்ததால் அது நடக்கவில்லை, அது நடக்க இருந்ததால்தான் முன்னறிவிக்க முடிந்தது.

கிறிஸ்தவ நேயர்களுக்கு பேதுருவின் கதை தெரியும். சேவல் கூவுமுன் மூன்று முறை என்னை மறுதலிப்பாய் என்று இயேசு நேரிலேயே சொல்லிவிட்டார். அப்படியே நடந்தது. சேவல் கூவியதும் பேதுரு என்ன செய்தார்? நீர் சொன்னபடிதானே ஆயிற்று, என் மேல் என்ன குற்றம் என்று கேட்கவில்லை. வெளியே போய் மனங்கசந்து அழுதார். சொல்லியிருந்தும் அது தன்னுடைய செயல்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

இந்த உயில் கதையை ஏற்காட்டில் ஒரு பாதிரியாரிடம் சொன்னேன். அவர்தான் எனக்குப் போயத்தியஸைப் பற்றிச் சொன்னார். போயத்தியஸ் ரோமாபுரியில் பெரிய பதவியில் இருந்தவர். இத்தாலியை ஆண்ட தியோடரிக் மன்னன் அவரைச் சிறையில் அடைத்தான். மரண தண்டனை காத்திருக்கிறது. 524-ஆம் வருஷத்தை ஒட்டி, அந்தச் சிறையில் உட்கார்ந்து இதே கேள்வியை எழுதுகிறார். அவர் சொல்லும் பதில், ஏற்காடு மலை தெரிந்த நமக்குச் சுலபமாகப் புரியும்.

சேலத்திலிருந்து மேலே போக இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வளைவு முடிந்தால்தான் அடுத்த வளைவு. மலை உச்சியில் லேடீஸ் சீட் என்று ஒரு காட்சி முனை இருக்கிறது; அங்கே நின்று கீழே பார்ப்பவருக்கு அப்படி இல்லை. ஏறுகிற லாரி, இறங்குகிற பஸ், நடுவில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் கார் என்று பாதை மொத்தமும் ஒரே பார்வையில். கடவுள் அப்படி உச்சியிலிருந்து பார்க்கிறார், அவருக்கு நேற்று, நாளை கிடையாது, எல்லாம் ‘இப்போது’ என்கிறார் போயத்தியஸ். இன்னும் ஒன்று சொல்கிறார், அதுதான் அருமை. ஒருவன் தரையில் நடப்பதையும் வானத்தில் சூரியன் எழுவதையும் ஒரே சமயத்தில் பார்க்கிறீர்கள். சூரியன் எழுந்தே ஆக வேண்டும். அவன் நடந்தே ஆக வேண்டும் என்பது இல்லை, இஷ்டப்பட்டு நடக்கிறான். இரண்டையும் பார்த்தது ஒரே கண். உங்கள் பார்வை அவன் நடையைக் கட்டாயமாக்கிவிடவில்லை.

நீங்கள் இப்போது உட்கார்ந்துதான் இதைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்க்கிறார். அவர் பார்த்தது உண்மை என்றால் நீங்கள் உட்கார்ந்திருப்பது நிச்சயம். அதனால் நீங்கள் எழுந்திருக்க முடியாதவர் ஆகிவிடுவீர்களா? நிச்சயம் வேறு, கட்டாயம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் பாதிச் சிக்கல்.

ஆனால் போயத்தியஸ் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். லேடீஸ் சீட்டில் நிற்பவர் டிரைவரிடம் பேச முடியாது. நாம் கும்பிடும் கடவுள் கேட்கிறவர், பதில் சொல்கிறவர், கூடவே பஸ்ஸில் வருகிறவர். உச்சியில் நின்று வேடிக்கை பார்க்கும் கடவுளிடம் என் அம்மா அழுது முறையிட்டிருக்க மாட்டாள்.

இங்கே எனக்குக் கைகொடுத்தவர் ராமானுஜர். பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் இந்தக் கேள்வியை எடுக்கிறார்: உயிர் செய்வதெல்லாம் இறைவனைச் சார்ந்தது என்றால், இதைச் செய், அதைச் செய்யாதே என்று சாஸ்திரம் யாருக்குச் சொல்கிறது? அவர் கொடுக்கும் உதாரணத்தைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு பேருக்குப் பொதுவான சொத்து. ஒருவர் அதை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் மற்றவர் சம்மதம் இல்லாமல் முடியாது. ஆனால் சம்மதம் வாங்கிக் கொடுத்தபின், கொடுத்தவர் இவர்தான், பலனும் இவருக்குத்தான்.

கூட்டுப் பட்டா, நேயர்களே! கூட்டுப் பட்டா நிலத்தை விற்கப்போய் அலைந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. விற்க நினைத்தது நீங்கள், ஆள் பார்த்தது நீங்கள், விலை பேசியது நீங்கள். பங்காளி கையெழுத்து இல்லாமல் மொத்த நிலத்துக்கும் பத்திரம் ஆகாது. அதற்காக விற்றது பங்காளி என்று சொல்ல முடியுமா? முதல் முயற்சி உயிருடையது. அதைப் பார்த்து இறைவன் அனுமதி கொடுக்கிறான். அவனன்றி ஓர் அணுவும் அசையாது என்பதும் நிற்கிறது, அசைத்த கை என்னுடையது என்பதும் நிற்கிறது. தம்பி பங்கை ஏமாற்றியவனுக்கு இதில் ஒளிய இடமில்லை. கடவுளும் கையெழுத்துப் போட்டார் என்று அவன் காட்டலாம். எழுதிக் கொடுப்பவர் என்ற இடத்தில் இருப்பது அவன் பெயர்தான்.

கீதையில் பதினெட்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். 61-ஆவது சுலோகத்தில், இறைவன் எல்லா உயிர்களின் இதயத்திலும் இருந்து எந்திரத்தில் ஏற்றியதுபோல் சுழற்றுகிறான் என்கிறார் கண்ணன். இரண்டே சுலோகம் தள்ளி, 63-இல், நன்றாக யோசித்து உன் விருப்பப்படி செய் என்கிறார். அர்ஜுனனிடம் வில் இன்னும் இருக்கிறது.

வள்ளுவரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், மணி ஆகிவிட்டது. ஊழிற் பெருவலி யாவுள என்று 380-ஆவது குறளில் கேட்டவர், 620-இல் ஊழையும் உப்பக்கம் காண்பர், அதாவது சோராமல் முயல்பவர் ஊழையே தோற்கடிப்பார் என்கிறார். இரண்டும் அந்தந்த அதிகாரத்தின் கடைசிக் குறள்கள். சேர்த்து வைத்துப் படித்துப் பாருங்கள்.

இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காட்டுகிறார்கள். நம் பக்கத்தில் கோயிலில் பூக் கேட்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். என் அக்கா கல்யாணத்துக்கு அம்மா வெள்ளை கேட்டாள். வெள்ளையே வந்தது. எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தபின் அக்கா தனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றாள். அப்பா குதித்தார், சாமியே உத்தரவு கொடுத்தாயிற்றே என்றார். அம்மா சொன்னாள்: “சாமி சரின்னுதான் சொல்லுச்சு. கட்டிக்கோன்னு சொல்லலையே.” அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. அக்கா இப்போது அஸ்தம்பட்டியில் இருக்கிறாள், இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நேரம் முடிந்தது. நன்றி, வணக்கம்.