நாலு மீன் பிடித்த கை

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். சின்னத் தீவு மொழிகளின் பழைய எண்ணும் முறைகள் காக்க வேண்டியவையா, கடந்துபோக வேண்டியவையா என்பது தலைப்பு. காக்க வேண்டியவையே என்பது எங்கள் அணி.

நிறையக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய தம்பி ஹவாய் மக்களைப் பற்றி ஒரு வரி சொன்னார், நீங்களும் கை தட்டினீர்கள். "பத்து விரல் இருந்தும் நாலுக்கு மேல் தெரியாமல் நாலு நாலாக எண்ணினார்களே, அந்தக் கணக்கைக் காப்பாற்றி என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்டார். இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

ஹவாய்க் கடற்கரையில் மீன் குவிந்து கிடக்கிறது. எண்ண வேண்டும். விரல் விட்டு எண்ணலாமே என்கிறார் தம்பி. விரல் எங்கே தம்பி சும்மா இருக்கிறது? அதுதான் மீனைப் பிடித்துக்கொண்டிருக்கிறதே! இந்தக் கையில் இரண்டு, அந்தக் கையில் இரண்டு. மீனையும் தேங்காயையும் தாரோ கிழங்கையும் இப்படிக் கைக்கு இரண்டாக எடுத்தோ, நாலு நாலாகக் கட்டியோ எண்ணிய பழக்கத்திலிருந்துதான் இந்த முறை வந்திருக்க வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, எல்லோரும் ஒருமுறை கையை நீட்டுங்கள். முன்வரிசை அக்கா, நீங்களும்தான். வலது கையில் இரண்டு மீன், இடது கையில் இரண்டு மீன். வழுக்கும், இறுக்கிப் பிடியுங்கள். அந்தப் பக்கம் போடுங்கள். இதுதான் ஒரு காவுனா. மறுபடி குனியுங்கள், எடுங்கள், போடுங்கள், இரண்டு காவுனா. இப்படியே பத்துத் தடவை குனிந்து நிமிர்ந்தால் எத்தனை மீன்? 40! அந்த நாற்பதுக்கு அவர்கள் மொழியில் காஅவு என்று தனிச் சொல். தம்பி, கவனித்தீர்களா? மீனை நாலாக எடுத்தார்கள், எடுத்த தடவையைப் பத்தாக எண்ணினார்கள். பத்து அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, குனிந்த இடுப்புக்கே தெரிந்திருக்கிறது.

அப்புறம் பாருங்கள், பத்து காஅவு சேர்ந்தால் ஒரு லாவ், 400. பத்து லாவ் ஒரு மானோ, 4,000. பத்து மானோ ஒரு கினி, 40,000. பத்து கினி ஒரு லேஹு, 4,00,000. நாலுக்கு மேல் தெரியாதவர்கள் என்றீர்களே, அவர்கள் நாலு லட்சத்துக்கு ஒற்றைச் சொல் வைத்திருந்தார்கள் ஐயா! தங்கள் தெய்வங்களைக் கூப்பிடும்போதுகூட நாற்பதாயிரம் தெய்வங்களே, நாலு லட்சம் தெய்வங்களே என்று இதே சொற்களால்தான் கூப்பிட்டார்கள். மரப்பட்டைத் துணியும் தோணியும் எண்ணும்போது நாற்பதுக்கு இயாக்கோ என்று வேறு சொல். வெற்றிலையைக் கவுளி என்று கேட்டு வாங்குகிற நமக்கு, பொருளுக்கு ஒரு கணக்கு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஹவாய்க்குத் தெற்கே வெகு தூரத்தில் மாங்கரேவா என்று ஒரு குட்டித் தீவு. அங்கே 10, 20, 40, 80 என்று இரட்டித்துக்கொண்டே போகும் சொற்கள்: தகாவ், பாவுவா, ததாவுவா, வரு. 70 வேண்டுமா? ததாவுவா பாவுவா தகாவ். நாற்பதும் இருபதும் பத்தும், முடிந்தது கூட்டல். ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1703-ல், 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எழுதும் இருமை எண்களைப் பற்றி எழுதி வெளியிட்டாரே, அதற்கு முன்பே அந்த மக்களிடம் இப்படி இரட்டித்துப் போகும் இருமைப் படிகள் இருந்திருக்கின்றன என்று 2013-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதில் இன்னும் நிறைய இருக்கிறது, ஆனால் என் மனம் ஹவாய்க்கே திரும்பிப் போகிறது.

1820-ல் அங்கே கிறித்தவ மிஷனரிகள் வந்தார்கள். பள்ளிக்கூடம் வந்தது, பாடப் புத்தகம் வந்தது. நூறுக்கு ஆங்கிலத்திலிருந்து ஹனேலி வந்தது, நானூறு என்ற லாவ் ஒதுங்கிக்கொண்டது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 1896-ல், பள்ளியில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்த வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை. வீட்டில் பாட்டி பேசுகிற மொழியைப் பள்ளியில் பேசினால் அடி என்றால், அந்தப் பிள்ளை பாட்டியிடம் எந்த முகத்தோடு திரும்பி வந்திருக்கும்? பேசாமலே இருந்துவிடலாம் என்று எத்தனை பாட்டிமார் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்? 1980-களின் தொடக்கத்தில் அந்த மொழி பேசும் குழந்தைகளை உண்மையிலேயே விரல் விட்டு எண்ண வேண்டிய நிலை வந்தது.

1984-ல், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாய் தீவில், சில பெற்றோரும் ஆசிரியர்களும் ஒரு மழலையர் பள்ளி திறந்தார்கள். பெயர் பூனானா லெயோ. குரல்களின் கூடு என்று பொருள். அங்கே குழந்தைகளைத் தரையில் உட்கார வைத்து அவர்கள் மொழியிலேயே எண்ணச் சொல்லிக்கொடுத்தார்கள். எகாஹி, எலுவா, எகோலு, எஹா. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐயா, மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு நிமிடம். அந்தக் கூட்டில் ஒரு நாலு வயதுப் பிள்ளை இரண்டு கையையும் நீட்டி எஹா என்று சொல்வதாக நினைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் முன்னால் நீங்கள் எல்லோரும் நீட்டினீர்களே, அதே கை.

நன்றி, வணக்கம்.