பெட்ரோல் காரும் அதை நம்பிய பட்டறைகளும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாலிடெக்னிக் கல்லூரிகளில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அண்மைக் காலமாக என்னிடம் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. புதுக் கார் வாங்க நினைக்கும் உறவினர்களும் நண்பர்களும், "இப்போது பெட்ரோல் வண்டி எடுத்தால் ஐந்தாறு வருடத்தில் யாரும் சீண்டாத வண்டியாகிவிடுமா?" என்று கேட்கிறார்கள். என் பழைய மாணவர்களோ, "சார், எங்கள் தொழில் இன்னும் எத்தனை காலம் ஓடும்?" என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு ஓரளவு நிம்மதி தரும் பதிலை என்னால் சொல்ல முடிகிறது. இரண்டாவது கேள்விதான் என்னை உறுத்துகிறது. ஆகவே, இன்றைய உரையில் அதற்கே கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

மின்சாரக் கார்களுக்கு மாறுவதில் உலகிலேயே முன்னால் நிற்கும் நாடு நார்வே. 1990 முதலே அங்கே மின்சாரக் கார்களுக்கு ஒவ்வொன்றாக வரிச்சலுகைகள் கொடுத்து வந்தார்கள். அதன் பயனாக, 2024இல் அங்கு விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 முழு மின்சாரக் கார்களாக இருந்தன. ஆனால், சாலையில் ஓடும் மொத்தக் கார்களை எண்ணிப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. அங்கு மின்சாரக் கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களின் எண்ணிக்கையை முதன்முதலாக எட்டித் தாண்டியது 2024 செப்டம்பரில்தான். அதுவும் ஏழரை லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட கார்களில் சில நூறு வித்தியாசத்தில். டீசல் கார்கள் அப்போதும் அவை இரண்டையும்விட அதிகமாக இருந்தன. புது வண்டி விற்பனை சில ஆண்டுகளில் திசை மாறிவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் தம் ஆயுள் முடியும் வரை ஓடித்தான் தீரும். இந்த இரண்டு வேகங்களையும் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் பெட்ரோல் காரின் முடிவு பற்றி இவ்வளவு குழப்பம் நிலவுகிறது.

நம் நாட்டில் புது வண்டி விற்பனையே இன்னும் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்பனையான பயணிகள் வாகனங்கள் ஏறத்தாழ 43 லட்சம். அவற்றில் மின்சாரக் கார்கள் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. பேட்டரி ரிக்ஷாக்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சாரத்துக்கு மாறிவிட்ட அதே நாட்டில், கார்களின் நிலைமை இதுதான். போதாததற்கு, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான சரக்கு-சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. மின்சாரக் கார்களுக்கு முன்பிருந்த 5 விழுக்காடே தொடர்கிறது. இரண்டுக்கும் இடையிலிருந்த விலை வேறுபாட்டைக் கணக்கிட்டு மின்சாரப் பக்கம் சாய்ந்திருந்த சிலர் மறுபடியும் யோசிக்க இதுவே போதும். புது வண்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, அழுத்திய இயற்கை எரிவாயுவில் ஓடும் சி.என்.ஜி. வண்டி என்பதையும் மறக்கக் கூடாது. எரிபொருள் மாறினாலும் அதற்குள் வேலை செய்வது நாம் அறிந்த அதே பெட்ரோல் இன்ஜின்தான். இன்ஜினோடு மின் மோட்டாரையும் சேர்த்த ஹைபிரிட் கார்களிலும் இன்ஜின் இருக்கவே செய்கிறது. இன்று பதிவாகும் பெட்ரோல் காரின் பதிவுச் சான்று பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன் பிறகு எஃப்.சி. எனும் தகுதிச் சான்று காட்டிப் புதுப்பித்தும் ஓட்டலாம். டெல்லியைப் போலப் பழைய வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு உள்ள இடங்களில் மட்டும் கணக்கு வேறு. ஆகவே, கார் வாங்க இருப்பவர்கள் பதற வேண்டாம் என்பதே என் பதில்.

இந்த மெதுவான போக்கைக் கண்டு, மாற்றமே வராது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இந்தப் போட்டி நமக்கு முந்தைய தலைமுறைகள் ஒருமுறை பார்த்ததுதான். 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 கார்களில் 1,681 கார்கள் நீராவியிலும் 1,575 கார்கள் மின்சாரத்திலும் ஓடின. பெட்ரோலில் ஓடியவை 936 மட்டுமே. பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அது திருப்பி உதைத்தால் கை எலும்பு முறிந்துவிடும். 1908இல் ஃபோர்டின் மாடல் டி எளியவர்களும் வாங்கக்கூடிய விலையை நோக்கிக் காரைக் கொண்டுவந்தது. 1912இல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் கேடிலாக் காரில் இடம்பெற்று, கைப்பிடிக்கு வேலையில்லாமல் செய்தது. ஒரு சிறு மின் மோட்டார் பெட்ரோல் காரை வாழவைத்தது என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அன்று மின்சாரக் காரைத் தோற்கடித்தது அதன் பேட்டரிதான். இன்று அந்தப் பேட்டரியின் விலை 2010இல் ஒரு கிலோவாட் மணிக்கு, அதாவது ஒரு யூனிட் மின்சாரம் சேமிக்கும் அளவுக்கு, ஆயிரம் டாலருக்கு மேல் இருந்த நிலையிலிருந்து, 2024இல் ஏறத்தாழ 115 டாலருக்கு இறங்கியிருக்கிறது. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால் பங்கை ஒட்டியே இன்ஜின் சக்கரத்துக்குத் தருகிறது, மீதி வெப்பமாக வீணாகிறது என்று காலமெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். கச்சா எண்ணெய்த் தேவையில் நூற்றுக்கு 85க்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாட்டுக்கு அந்த வீணடிப்பு எவ்வளவு பெரிய சுமை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. திசை தெரிந்துவிட்டது, எவ்வளவு காலமாகும் என்பதுதான் தெரியவில்லை.

அந்தக் காலம் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கப் போவதில்லை. அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் எத்தனையோ சிறு பட்டறைகள் காரின் ஒரே ஒரு பாகத்தை நம்பி நடக்கின்றன. ஒருவர் வால்வு கைடு மட்டும் கடைகிறார். இன்னொருவருக்கு டைமிங் செயின் தொடர்பான வேலை. ஃபவுண்டரிக்காரர் சிலிண்டர் பிளாக்கோ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோ வார்த்துக் கொடுக்கிறார். பிஸ்டன், ரிங், கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், ஸ்பார்க் பிளக், ஃபியூயல் பம்ப், கிளட்ச், சைலன்சர் ஆகிய எதற்கும் மின்சாரக் காரில் இடமில்லை. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், டயர், சீட், கண்ணாடி, விளக்கு ஆகியவற்றைச் செய்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஒரே தொழிற்பேட்டையில் அடுத்தடுத்த ஷெட்டுகளில் இருக்கும் இருவரில் ஒருவர் நிம்மதியாக இருக்க, மற்றவர் வங்கிக் கடனில் வாங்கிய, கணினிக் கட்டுப்பாட்டில் கடையும் சி.என்.சி. இயந்திரத்தின் முன் கவலையோடு நிற்கிறார்.

இவர்களுக்கு ஆபத்து எப்படி வரும் என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். கடைசிப் பெட்ரோல் கார் விற்கும் நாளில் அது வராது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கார் நிறுவனம் புது இன்ஜின் ஒன்றை வடிவமைப்பதை நிறுத்தும்போதே தொடங்கிவிடும். பழைய இன்ஜினின் பாகங்களுக்கு ஆர்டர் வந்துகொண்டேதான் இருக்கும். கணக்குப் புத்தகத்தில் ஒரு குறையும் தெரியாது. மாதிரிப் பாகம் செய்து தரச் சொல்லி வரும் டெவலப்மென்ட் விசாரணைகள் மட்டும் மெல்ல நின்றுபோகும். அதைக் கவனிக்காதவர் மாதாந்தர ஆர்டரைப் பார்த்துத் தைரியமாக இருப்பார். அது குறையத் தொடங்கும்போது மாறுவதற்கான பணமும் இருக்காது, நேரமும் இருக்காது.

இதற்கு நேரெதிரான அறிகுறியும் நம் கண் முன்னே இருக்கிறது. 2022இல் உற்பத்தி நின்றுபோன மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2029 முதல் ஆண்டுக்கு 2,35,000 இன்ஜின்கள் செய்யப் போவதாகவும், அதற்கு 3,250 கோடி ரூபாய் முதலிடப் போவதாகவும் அந்நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்தது.  ஐரோப்பிய ஒன்றியமும் 2035க்குப் பின் புகை வெளியிடும் புதுக் கார்களே கூடாது என்று 2023இல் முடிவெடுத்துவிட்டு, 2025 டிசம்பரில் அதைத் தளர்த்தும் திட்டத்தை முன்வைத்தது. இவற்றையெல்லாம் காட்டி, இன்ஜினுக்கு அழிவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பட்டறைக்காரர்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்திருக்கின்றன என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இனி மெக்கானிக்குகளுக்கு வருகிறேன். இன்ஜினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுத்த கார்புரேட்டர் போய், மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தபோது, இனி நமக்கு வேலையில்லை என்று என் மாணவர்கள் பலர் கலங்கினார்கள். ஆனால், ஸ்கேனர் வாங்கினார்கள், சென்சார்களைக் கற்றார்கள், பிழைத்துக்கொண்டார்கள். இந்த முறையும் அப்படியே ஆகும் என்று அவர்களைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. மின்சாரக் காரின் பேட்டரியில் முந்நூறு, நானூறு வோல்ட் மின்னழுத்தம் இருக்கிறது. காப்புக் கையுறையும் காப்பிட்ட கருவிகளும் இணைப்பைத் துண்டிக்கும் முறையும் தெரியாமல் கை வைத்தால் உயிர் போகும். கார்புரேட்டரைப் போலப் பிரித்துப் பார்த்துக் கற்கும் வித்தை இதில் செல்லாது.

மற்றொரு சிக்கலை யாரும் அதிகம் பேசுவதில்லை. மின்சாரக் கார்களின் பேட்டரிக்குப் பெரும்பாலும் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள். அதுவரை வண்டி கம்பெனி சர்வீஸுக்குத்தான் போகும். தெருமுனை மெக்கானிக்கிடம் அது வந்து சேர்வதற்குள் பெட்ரோல் வண்டிகளின் வரத்துக் குறையத் தொடங்கியிருக்கும். பழைய வேலை வற்றி, புது வேலை வந்து சேராத அந்த இடைவெளியை அவர் எப்படிக் கடப்பார்? வண்டி வந்த பிறகும், அதன் மென்பொருளுக்குள் நுழையும் அனுமதியும் பழுதுநீக்கும் கையேடும் கம்பெனியிடமே பூட்டிக் கிடந்தால் அவரால் என்ன செய்ய முடியும்? பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய இணையதளத்தில் ஆட்டோமொபைல் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் தகவல்களை வெளியிடுவது நிறுவனங்களின் விருப்பமாக இருக்கக் கூடாது. சட்டக் கடமையாக வேண்டும். உயர் மின்னழுத்தப் பயிற்சியை ஐ.டி.ஐ.க்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் மாணவர்களுக்கு மட்டும் தந்தால் போதாது. நாற்பது வயதைத் தாண்டி, பகலில் கடையைப் பூட்ட முடியாத மெக்கானிக்குகளுக்கும் மாலை வகுப்பாகத் தர வேண்டும்.

சென்ற மாதம் என் மாணவர் ஒருவரின் ஒர்க்ஷாப்புக்குப் போயிருந்தேன். போரிங்குக்கு, அதாவது உட்புறத்தைக் கடைந்து சீராக்குவதற்கு, அனுப்ப வேண்டிய ஒரு சிலிண்டர் பிளாக் தரையில் கிடந்தது. அதற்கு அருகில், வாடிக்கையாளர் ஒருவரின் மின்சாரக் காரில் சஸ்பென்ஷன் புஷ் மாற்றிக்கொண்டிருந்தார். பேட்டரிப் பக்கம் போகும் ஆரஞ்சு நிற கேபிளைக் காட்டி, "இதை மட்டும் தொடப் பயமாக இருக்கிறது சார். ராத்திரி நேரத்தில் இதைச் சொல்லித்தரும் இடம் பக்கத்தில் எங்கேயாவது இருக்கிறதா?" என்று கேட்டார். அவருக்கு எழுதிக் கொடுக்க ஒரு முகவரி என்னிடம் இல்லை.

வணக்கம்.