மூலக்கொத்தளத்தில் இரு கல்லறைகள்

பெரியோர்களே, தோழர்களே, வணக்கம்.

இனவுணர்வு குருதியோடு வருவது என்று பலர் எண்ணுகிறார்கள். வண்ணாரப்பேட்டையில் நின்றுகொண்டு அதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுவோரும் உருது பேசுவோரும், பிழைப்புத் தேடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்தோரும் ஒரே தெருவில் வாழும் இந்த வடசென்னையில், 'நாம்' என்ற சொல்லின் எல்லை நம் கண்முன்னேயே பலமுறை மாறியிருக்கிறது.

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பின்னி துணி ஆலைத் தொழிலாளர்களுக்கு 'நாம்' என்பது தொழிலாளி என்பதாக இருந்தது. மூன்றே ஆண்டுகளில் அது உடைந்தது. 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் ஆலைக்குள்ளும் சாதி இந்துக்களும் இசுலாமியரும் வெளியேயுமாகப் பிரிந்து நிற்க, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆலைக்குள் போனவர்களைக் கருங்காலிகள் என்று ஏசுவது எளிது. அவர்களுடைய பசியையும் அச்சத்தையும் சங்கம் தன்னுடையதாகக் கருதியதா என்பதே எனக்குப் பெரிய கேள்வி. பொது எதிரியைக் காட்டிவிட்டால் மட்டும் ஒற்றுமை வந்துவிடாது என்பதற்கு அந்தச் சாம்பலைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது 1938க்கு வாருங்கள். இராசாசி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து மறியல் செய்து சிறை சென்றவர்களுள், இதே வடசென்னையைச் சேர்ந்த ஒடுக்கப்பட்ட குடும்பத்து இளைஞர் நடராசனும், குடந்தையைச் சேர்ந்த நாடார் குலத்துத் தாளமுத்துவும் இருந்தனர். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றபோதும் நடராசன் மறுத்துவிட்டார். 1939 சனவரியில் அவரும், மார்ச்சில் தாளமுத்துவும் மறைந்தனர். இருவரும் வடசென்னையின் மூலக்கொத்தளம் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டனர். எழும்பூரில் இருவர் பெயரும் தாங்கி நிற்கும் மாளிகையைப் பார்த்து, தாளமுத்து நடராசன் என்பது ஒருவர் பெயர் என்று நினைப்போர் இன்றும் உண்டு.

புளியந்தோப்பு எரிந்து பதினெட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒருவருக்கொருவர் அயலாராக நின்ற மக்கள், ஒரு தலித் இளைஞரின் இறுதி ஊர்வலத்தில் தம் வீட்டுப் பிள்ளையை இழந்தவர்களாக நடந்தார்கள். இதைச் செய்தது மொழி மட்டுமன்று. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய நாள்முதல், சாதியற்றவனே தமிழன் என்று வாதாடியவர்களின் உழைப்பும் சுயமரியாதை இயக்கத்தின் கூட்டங்களும் 'தமிழன்' என்ற சொல்லைப் பலரும் நுழையத்தக்க வீடாக்கி வைத்திருந்தன.

1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்த வீட்டில் நடராசனின் உறவினர்களுக்கு நடுக்கூடத்தில் இடமா, திண்ணையில் இடமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.