ஈஃபிள் கோபுரப் படிக்கட்டில் இரண்டு திருடர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பரே, விடுமுறை நாள் சாயங்காலத்தை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் பெரியோர்களே, தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒரு தடவை நினைவுபடுத்திவிடுகிறேன். 'பழைய பிரிட்டிஷ் கொள்ளை நகைச்சுவைப் படங்கள் இன்றும் நம்மை இழுப்பதற்குக் காரணம் கொள்ளைத் திட்டமா, கொள்ளையடிக்கும் மனிதர்களா?' நண்பர் திட்டமே என்று வாதாடி அமர்ந்திருக்கிறார். 1951-இல் வந்த 'தி லாவெண்டர் ஹில் மாப்' படத்தின் எழுத்தாளர் டி.இ.பி. கிளார்க், தங்கத்தை எப்படிக் கடத்தலாம் என்று பேங்க் ஆஃப் இங்கிலாந்திடமே போய் யோசனை கேட்டார் என்று காலங்காலமாகச் சொல்லப்படும் கதையைச் சொன்னார். 1969-இல் வந்த 'தி இத்தாலியன் ஜாப்' படத்தில் டூரின் நகரத்துப் படிக்கட்டுகளில் குதித்து இறங்கும் மினி கார்களைச் சொன்னார். அரங்கம் கைதட்டியது. தட்டவேண்டிய இடம்தான்.

எனக்குப் புதிய சாட்சி எதுவும் வேண்டாம். அவர் கூட்டிவந்த சாட்சிகளையே நான் விசாரிக்கிறேன்.

முதலில் 'லாவெண்டர் ஹில் மாப்' படத்தின் நாயகன் ஹென்றி ஹாலண்ட். அவர் யார்? ஒரு வங்கிக் குமாஸ்தா. தங்கக் கட்டிகள் வேனில் வங்கிக்கு வரும்போது பாதுகாப்புக்குக் கூடவே வருவது அவர் வேலை. இருபது வருடமாக அதே வேலை. பின்னால் ஒரு கார் கொஞ்ச தூரம் தொடர்ந்து வந்தால் போதும், பதறிப்போவார். கூட வருகிறவர்களுக்கு அவரைக் கண்டாலே சலிப்பு. மேலதிகாரிகள் அவரை நாணயமானவர் என்பார்கள், அடுத்த மூச்சிலேயே கற்பனை இல்லாதவர் என்பார்கள். வேலை முடிந்ததும் லாவெண்டர் ஹில்லில் உள்ள விடுதிக்குத் திரும்பி, அங்கே குடியிருக்கும் ஒரு வயதான அம்மாளுக்குத் துப்பறியும் நாவல் வாசித்துக் காட்டுவார். ஹாலண்டாக நடித்த அலெக் கின்னஸ் அந்த வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கும் சிரிப்பைப் பாருங்கள். இருபது வருடம் யாரும் கவனிக்காத ஒரு மனிதனின் சிரிப்பு அது. அவருக்கு அந்தத் தங்கம் தேவைதான். ஆனால் அதைவிட, தனக்கும் ஒரு மூளை இருக்கிறது என்பதை ஒரே ஒரு தடவை உலகத்துக்குக் காட்டவேண்டும் என்ற தாகம் அந்த முகத்தில் தெரிகிறது. அலுவலகத்தில் வருடக்கணக்காக ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இந்த அரங்கத்திலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, திட்டத்துக்கு வருவோம். தங்கத்தை உருக்கி, ஈஃபிள் கோபுர வடிவத்தில் காகிதம் பறக்காமல் வைக்கும் பொம்மைகளாக வார்த்து, சாயம் பூசி, பாரிஸுக்கு ஏற்றுமதி செய்வது. அழகான யோசனை, மறுக்கவில்லை. ஆனால் அதைச் செய்ய ஆள் வேண்டுமே. ஹாலண்டுக்கும், பொம்மை வார்க்கும் பட்டறை வைத்திருக்கும் பெண்டில்பரிக்கும் எந்தத் திருடனையும் தெரியாது. இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள்? கூட்டமான இடங்களில் நின்றுகொண்டு, பட்டறையில் பணம் இருக்கிறது, பெட்டகம் சரியாகப் பூட்டவில்லை என்று ஊருக்கே கேட்கும்படி பேசுகிறார்கள். அப்புறம் ராத்திரி பட்டறை இருட்டில், திருடன் வருவானா என்று காத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருகைக்குக் காத்திருப்பது போன்ற ஆவலோடு! வந்து மாட்டிய இரண்டு தொழில்முறைத் திருடர்களை வரவேற்றுக் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அந்த இரண்டு பேரை எனக்கு மிகவும் பிடிக்கும். தங்கம் பாரிஸ் போய்ச் சேர்ந்தாயிற்று. பங்கு வாங்கப் போகவேண்டும். ஒருவருக்கு மனைவி அனுமதி தரமாட்டார். இன்னொருவருக்கு டெஸ்ட் மேட்ச் இருக்கிறது. 'நீங்களே போய் எங்கள் பங்கையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்' என்று சொல்லிவிடுகிறார்கள். பத்து லட்சம் பவுண்டு தங்கத்தை, நேற்று அறிமுகமான இரண்டு பெரிய மனிதர்களை நம்பி விட்டுவிட்டு! தொழில்முறைத் திருடனுக்கு இவ்வளவு நம்பிக்கை. இந்த நம்பிக்கையை எந்தத் திட்டத்தின் எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள், நண்பரே?

திட்டத்தின்படி கொள்ளை நடந்து முடிந்துவிடுகிறது. படத்தின் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. திட்டம்தான் கவர்ச்சி என்றால் அங்கேயே எழுந்து போயிருக்கவேண்டும். ஏன் உட்கார்ந்திருக்கிறோம்? கோபுர உச்சியில் இருக்கும் கடையில், ஓர் எழுத்தின் உச்சரிப்பில் வந்த குழப்பத்தால், திறக்கக்கூடாத பெட்டியைத் திறந்து ஆறு தங்கக் கோபுரங்களை இங்கிலாந்துப் பள்ளிச் சிறுமிகளுக்கு விற்றுவிட்டார்கள். சிறுமிகள் லிஃப்டில் இறங்குகிறார்கள். ஹாலண்டும் பெண்டில்பரியும் சுழல் படிக்கட்டில் ஓடுகிறார்கள். சுற்றிச் சுற்றிச் சுற்றி இறங்குகிறார்கள். தொப்பி பறக்கிறது, கோட்டு பறக்கிறது, பாரிஸே பம்பரமாகச் சுற்றுகிறது. ஒரு கட்டத்தில் இருவரும் சிரிக்க ஆரம்பிக்கிறார்கள். பயத்தில் ஓடுகிறவர்கள் சிரிக்கிறார்கள்! தலை கிறுகிறுத்துக் கீழே வந்து சேர்ந்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. நடுத்தர வயதைத் தாண்டிய இரண்டு பேர், பள்ளி விட்ட பையன்களைப் போல. அந்த ஓட்டம் எந்தத் திட்டத்திலும் இல்லை. திட்டம் கெட்ட இடத்தில்தான் அது பிறந்தது.

இது எந்தக் காலத்துப் படம் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். போர் முடிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் பிரிட்டனில் இறைச்சிக்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன், மிட்டாய்க்குக்கூட ரேஷன். உணவு ரேஷன் முழுதாக ஒழிந்தது 1954 ஜூலையில்தான். ரேஷன் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு தியேட்டருக்கு வந்தவர்கள், ஒரு குமாஸ்தா தென் அமெரிக்காவில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பணத்தை அள்ளிக் கொடுப்பதைத் திரையில் பார்த்தார்கள். கண நேரம் வந்து அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு போகும் ஓர் இளம்பெண், பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய ஆட்ரி ஹெப்பர்ன். இந்தப் படத்தின் கதைக்காகவும் திரைக்கதைக்காகவும் கிளார்க்குக்கு ஆஸ்கர் கிடைத்தது.

திட்டமே பெரிது என்கிற நண்பருக்கு நிஜமான ஒரு திட்டத்தைக் காட்டுகிறேன். 1963 ஆகஸ்ட் 8. பக்கிங்காம்ஷயரில் ஒரு தபால் ரயிலை நிறுத்தி 26 லட்சம் பவுண்டுக்கு மேல் கொண்டுபோனார்கள். சிக்னலை மாற்றியது முதல் பண்ணை வீட்டில் பதுங்கியது வரை கச்சிதமாகப் போட்ட திட்டம். அதில் ரயில் ஓட்டுநர் ஜாக் மில்ஸ் தலையில் அடிபட்டார். அதற்கப்புறம் அவர் முழுதாகத் தேறவே இல்லை. அந்தத் திட்டத்தை நினைத்து யாருக்காவது சிரிப்பு வருகிறதா? வராது. நல்ல திட்டம் மட்டும் இருந்தால் அது குற்றச் செய்தி. சிரிப்பு வரவேண்டுமென்றால் டெஸ்ட் மேட்ச்சுக்காகத் தங்கத்தை விட்டுக்கொடுக்கிறவன் வேண்டும்.

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான படம். 1955, 'தி லேடிகில்லர்ஸ்'. இயக்கியவர் அலெக்சாண்டர் மெக்கண்ட்ரிக். கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், போரின் குண்டுவீச்சில் ஆட்டம் கண்டு கோணலாக நிற்கும் ஒரு வீடு. சுவரில் ஒரு படம்கூட நேராகத் தொங்காது. அதில் தனியாக வாழும் மிஸஸ் வில்பர்ஃபோர்ஸ். கணவர் கப்பல் கேப்டன். கப்பல் மூழ்கியபோது வளர்ப்புக் கிளிகளைப் படகில் ஏற்றிவிட்டு, தான் கப்பலோடு போனவர். அந்தக் கிளிகளோடுதான் இந்த அம்மாள் குடித்தனம். அந்த வீட்டு மாடியை ஐந்து கொள்ளைக்காரர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள். இசைக்குழு என்று பொய். உள்ளே கிராமபோனில் பொக்கெரினியின் இசைத்தட்டு சுழலும், இவர்கள் திட்டம் பேசுவார்கள். அம்மாளோ இசையில் உருகி, தேநீர் வேண்டுமா என்று அடிக்கடி கதவைத் தட்டுவார். தட்டும்போதெல்லாம் ஐந்து பேரும் வாத்தியத்தை அள்ளி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொள்ளவேண்டும்.

இங்கேயும் திட்டம் ஜெயிக்கிறது. கொள்ளையடித்த பணம் இருக்கும் பெட்டியை ரயில் நிலையத்திலிருந்து ஒன்றும் அறியாத அந்த அம்மாளே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, செல்லோ பெட்டியின் வார் கதவில் சிக்கிக்கொள்கிறது. பெட்டி திறந்து, வாசலில் பவுண்டு நோட்டுகள். அம்மாள் பார்த்துவிடுகிறார். போலீஸைக் கூப்பிடுவார் என்றுதானே நினைப்போம்? அந்த நேரம் பார்த்து அவருடைய சிநேகிதிகள் தேநீர் விருந்துக்கு வந்துவிடுகிறார்கள். விருந்தாளிகள் வந்திருக்கும்போது இதைப் பேசுவது மரியாதை இல்லை! ஆகவே ஐந்து கொள்ளைக்காரர்களும் பாட்டிமார்களுக்கு நடுவில் கோப்பையும் தட்டுமாக உபசாரம் செய்துகொண்டு, பியானோவைச் சுற்றி நின்று பாட்டும் பாடுகிறார்கள். துப்பாக்கி வைத்திருக்கிற கூட்டம், 'உங்கள் நடத்தையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது' என்ற பாவனையில் பார்க்கும் ஒரு பாட்டியின் கண்ணுக்குப் பயந்து நிற்கிறது. பாட்டியிடம் திட்டு வாங்கி வளர்ந்த யாருக்கும் அந்தப் பயம் புரியும்.

பிறகு அவரைக் கொன்றுவிடுவது என்று முடிவெடுத்துத் தீக்குச்சி எடுத்துச் சீட்டுப் போடுகிறார்கள். யாராலும் முடியவில்லை. முதலில் மாட்டிய, கூட்டத்தில் ஒருவரான மேஜர் பணத்தோடு கூரை வழியாக ஓடப் பார்க்கிறார். குத்துச்சண்டைக்காரனாக இருந்த அந்தப் பெரிய உடம்புக்காரன், அம்மாளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று தன் கூட்டாளிகளையே எதிர்க்கிறான். ஒருவரை ஒருவர் முடித்துக்கொண்டு எல்லோரும் ரயில் பெட்டிக்குள் விழுகிறார்கள். அம்மாள் நாற்காலியில் நிம்மதியாகத் தூங்குகிறார். கேட்டி ஜான்சன் அந்த வேடத்துக்காக பிரிட்டிஷ் அகாடமி விருது வாங்கினார். எழுபதைத் தாண்டிய வயதில், சின்னச் சின்ன வேடங்களாகவே நடித்துக் கழித்த ஒருவருக்கு வந்த விருது. கின்னஸ், பீட்டர் செல்லர்ஸ், ஹெர்பர்ட் லோம் என்று அத்தனை பெரிய நடிகர்கள் சுற்றி நின்றும் கண் அவரிடமே போகிறது.

'தி இத்தாலியன் ஜாப்' பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். இந்த ஒரு படத்தில் பாதி மதிப்பெண் நண்பருக்குத்தான். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று மினிகள் ஃபியட் தொழிற்சாலைக் கூரையில் பறக்கும்போது நான் ஆட்களை மறந்துவிடுகிறேன். ஆனால் கடைசிக் காட்சி? ஆல்ப்ஸ் மலை விளிம்பில் பேருந்து பாதி தொங்குகிறது. ஒரு முனையில் தங்கம், மறு முனையில் கொள்ளைக்காரர்கள். கூட்டத்தின் தலைவனாக வரும் மைக்கேல் கேய்ன் தங்கத்தை நோக்கி ஒவ்வோர் அங்குலமாக ஊர்கிறார், தங்கம் வழுக்கிப் பின்னால் போகிறது. 'கொஞ்சம் பொறுங்கள், எனக்கு ஒரு நல்ல யோசனை' என்கிறார். படம் முடிந்துவிடுகிறது. அவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று 2008-இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி போட்டியே வைத்தது. ஹெலிகாப்டர் கூடாது என்று நிபந்தனை வேறு. நாற்பது வருடம் கழித்து ஒரு வேதியியல் சங்கம் கவலைப்படுகிறது என்றால், அந்தப் பேருந்துக்குள் இருப்பவர்கள் பிழைக்கவேண்டும் என்று ஜனங்களுக்கு ஆசை. 2003-இல் இதே பெயரில் அமெரிக்காவில் எடுத்தார்கள். மினியும் இருந்தது, தங்கமும் இருந்தது, திட்டம் இன்னும் பெரிதாகவே இருந்தது. விறுவிறுப்பான படம்தான். மலை விளிம்பில் அந்தப் படத்துக்காரர்கள் தொங்கியிருந்தால் போட்டி வைப்பார்களா?

நடுவர் மணியை எடுத்துவிட்டார். ஒரே ஒரு காட்சியோடு முடித்துக்கொள்கிறேன்.

மிஸஸ் வில்பர்ஃபோர்ஸ் போலீஸ் நிலையத்துக்குப் போய், பணம் என் வீட்டில் இருக்கிறது, திருடர்கள் போய்விட்டார்கள் என்று உள்ளது உள்ளபடி சொல்கிறார். அங்கிருக்கும் அதிகாரிக்கு அவரைப் பல நாளாகத் தெரியும். கற்பனை என்று நினைத்து, அன்போடு, பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார். அம்மாள் வழக்கம்போல் குடையை மறந்துவிட்டு வெளியே வருகிறார். குடையை நினைவூட்டுகிறார்கள். வேண்டாம், இனிமேல் புதிதாகவே நிறைய வாங்கிக்கொள்ளலாம் என்று நடக்கிறார். வழியில் நடைபாதையில் படம் வரைந்து பிழைக்கும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அம்மாள் நின்று, ஒரு பெரிய நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தன் கோணல் வீட்டை நோக்கிப் போகிறார்.

நன்றி, வணக்கம்.